ஏழை என்பதற்கு ஆதாரம்

கிராமப்புற ஏழைகளுக்கு இலவசத் தொழிற்பயிற்சி தரும் தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா 2014-இல் தொடங்கியது. பெயரைத் தடுமாறாமல் சொல்வது தகுதிகளில் சேராது. வயது 15 முதல் 35; பெண்களுக்கு 45 வரை. 36 வயது ஆணுக்கு வரப்பு வெட்டும் வேலை இருக்கவே இருக்கிறது. வீட்டில் ஒருவர் முந்தைய ஆண்டில் நூறு நாள் வேலைக்கு 15 நாளாவது போயிருந்தால், ஏழ்மைக்கு அதுவே சாட்சி. வருமானச் சான்று கேட்கும் பிற உதவிகளுக்காக, கீழ்வேளூர் என்ற ஊர்க்காரர் இ-சேவை மையத்தில் அந்தச் சான்றுக்கு விண்ணப்பிக்கிறார். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகம் சேர்கிறது. சான்று ஓராண்டில் காலாவதியாகும். வறுமைக்கு அந்த ஒழுங்கு கிடையாது. இந்தத் திட்டத்தில் பயிற்சி முடித்தவர்களில் 70 விழுக்காட்டினருக்காவது வேலை பிடித்துத் தருவது பயிற்சி நிறுவனத்தின் பொறுப்பு. அந்த வேலை கீழ்வேளூரில்தான் இருக்கவேண்டும் என்று விதி இல்லை.