பழைய கார் விலைநிர்ணயத்தில் சரிவின் வகிபாகம்: ஹட்டன் வட்டாரத்தை முன்வைத்து ஒரு மீள்வாசிப்பு

பழைய கார் எனப்படுவது யாதெனின், விற்பவர் ‘ஓடுற காரு’ என்றும் வாங்க வந்தவர் ‘பழைய இரும்பு’ என்றும் சுட்டும் ஒரே பொருள். இவ்வரையறையை முன்னாய்வாளர் எவரும் மறுக்கவில்லை. முன்னாய்வாளர் எவரும் இல்லை.

மலையகத்தை ஆய்ந்தோர் பலர் ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்கு ஏறி, லயத்து வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கி, முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வந்த வேனைத் தள்ளிவிட்டவர்களுக்கு அதில் ஓர் அடிக்குறிப்பும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை.

நிறம்: பட்டி பூசி அடித்தது. மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

இலக்கத்தகடு: 1957-58இல் தமிழர்கள் தார் பூசி எதிர்த்த சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து, இன்று ‘ஸ்ரீ நம்பர், அந்தக் காலத்துச் சாமான்’ என்று விலையை ஏற்றுகிறது. விற்பவரும் தமிழர், வாங்குபவரும் தமிழர். சமூகவியலாளர் இங்கே ஆழ்ந்து சிந்திக்கலாம். தரகர் தகட்டைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டுப் போய்விட்டார்.

வயது: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறக்கும்வரை, கிழடாக ஆக விலை கூடும் அதிசயம் நிகழ்ந்தது. பொருளியலாளர் அதற்குப் பெயர் வைத்தார்கள். தரகர்கள் கமிஷன் வைத்தார்கள் (வாய்மொழி, தரகர் ஒருவர், ஹட்டன் பஸ் நிலையப் பெஞ்சு). ‘பார்ட்ஸ் கெடைக்காது’ என்று விலை குறைப்போர் வாதமும் செல்லாது. 1971இல் உற்பத்தி நின்ற மொரிஸ் மைனருக்கு இலங்கையிலேயே பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறோம்.

உயரம்: ஆறாயிரம் அடியில் காற்று மெலிந்து, கார்புரேட்டரில் பெட்ரோலின் பங்கு கூடிக் கரும்புகை வரும். ‘கொழும்புக்கு எறங்குனா சரியாயிடும்’ என்பது மலைநாட்டு வழக்கு. ‘மலைக்குப் போனா சூடு குறையும்’ என்பது கொழும்பு வழக்கு (வாய்மொழி, அதே தரகர், அதே பெஞ்சு, இரண்டாவது பிளேன்டீக்குப் பின்).

இனிச் சரிவு. நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை எங்கும் விற்பனைக்குள்ள கார் இறக்கம் பார்த்தே நிற்கும். முன்சக்கரத்துக்கு ஒரு கல் அண்டை கொடுத்திருக்கும். காரணம், பேட்டரி துறவு பூண்டமை. இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடி கல்லை எடுக்கச் சொல்லி, உருண்டதும் காலை விட்டால் எஞ்சின் பிடிக்கும். ‘பாத்தீங்களா தம்பி, செல்ஃப் அடிக்கவே தேவையில்ல!’ ஆகவே இறக்கம் எவ்வளவு செங்குத்தோ, விலை அவ்வளவு உயர்வு.

இதை முறியடிக்க ‘மட்டமான எடத்துல ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கண்ணே’ என்பார் வாங்குபவர். தேயிலை மலையில் மட்டமான இடம் எங்கே? ஹட்டன் டன்பார் மைதானம் என்பது ஒரு பள்ளி. நுவரெலியா குதிரைப் பந்தயத் திடல் என்பது மறுபள்ளி. பின்னதை ஏற்பதில் தருக்கச் சிக்கல் உண்டு: கார் நுவரெலியாவரை ஏறிவிட்டால் சோதனை தேவையில்லை; ஏறாவிட்டாலும் தேவையில்லை.

எஞ்சினைப் பற்றி எழுத்துச் சான்று ஒன்றே உள்ளது (முன் இருக்கைக்கு அடியில் கண்டெடுத்த கராஜ் துண்டு, முன்பக்கம், மூன்றாம் வரி, பின்பக்கத்தில் வேறொரு கையெழுத்தில் கருவாட்டுக் கணக்கு, வலது ஓரம் எலியால் சிதைவு). அது ‘ரிங் மாத்தி’ என்பதோடு நிற்கிறது. ‘மாத்தியாச்சு’ என்பது விற்பவர் பாடம். ‘மாத்தியே ஆகணும்’ என்பது வாங்குபவர் பாடம். ஏட்டுச் சுவடியில் ஓர் எழுத்துக்காக ஆயுள் முழுக்கச் சண்டையிட்ட பதிப்பாசிரியர்கள் உண்டு. அவர்களில் எவரும் தம் பாடத்துக்காகக் கைக்காசில் எஞ்சின் இறக்கியதாகத் தெரியவில்லை.

உரிமையாளர் யார் என்ற வினாவை ஆய்வு தொடவில்லை. கார் நாலு கை மாறியும் பெயர் மாறாமல் ஓப்பன் பேப்பரில் நிற்கிறது. புத்தகத்தில் பெயருள்ளவர் காலமாகிவிட்டார். அவருடைய கருத்தை அறியும் முயற்சிக்கு நிதி நல்கை கிடைத்தால் ஆய்வாளர் இன்றே புறப்படத் தயார், வண்டி இறக்கம் பார்த்து நிற்குமாயின்.