தட்டாத டிரம்மர்

வளசரவாக்கம், விருகம்பாக்கம் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நள்ளிரவு தாண்டியும் ஒரு படுக்கையறையில் மட்டும் விளக்கு எரிந்தால், உள்ளே பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்க வேண்டும். இல்லையென்றால் நம்மவர் இருக்க வேண்டும். பகலில் சிறுசேரியில் ஐடி கம்பெனி. இரவில் இசையமைப்பாளர். காதில் பெரிய ஹெட்போன், கால்மேல் கால், தலை மட்டும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். கேட்டால் டிரம்ஸ் வாசிக்கிறேன் என்பார். அறையில் டிரம்ஸ் கிடையாது, குச்சி கிடையாது, சத்தமும் கிடையாது. வலது கை ஆள்காட்டி விரல் மௌஸைச் சொடுக்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

நிஜ டிரம்ஸ் வாங்கும் ஆசை அவருக்கு இல்லாமல் இல்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்துக்கே கூட்டம் போட்ட அசோசியேஷன் அது. டிரம்ஸ் வந்தால் லிஃப்டில் ஏற்றவே விட மாட்டார்கள். ஆகவே பிளகின். விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கோ ஒரு நல்ல ஸ்டுடியோவில் கைதேர்ந்த டிரம்மர் ஒருவரை உட்கார வைத்து, ஒவ்வொரு டிரம்மையும் தொட்டும் தொடாமலும், கொஞ்சம் அழுத்தி, ஓங்கி, இன்னும் ஓங்கி என்று தட்டச் சொல்லி, ஒவ்வொரு தட்டலையும் தனித்தனியாகப் பதிவு செய்து மூட்டை கட்டி விற்கிறார்கள். வாங்கியவர் அந்தத் தட்டல்களைக் கம்ப்யூட்டரில் வரிசையாக அடுக்கினால் தாளம் வந்துவிடும். தட்டினவர் யாரோ, பெயர் நம்மவருக்கு.

ஒன்றோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. அவரிடம் ஈஸி டிரம்மர் இருக்கிறது, அடிக்டிவ் டிரம்ஸ் இருக்கிறது, பிஎஃப்டி இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கிறதே என்று இறக்கி வைத்தவை வேறு. கல்லூரிக் காலத்தில் எல்லாமே கிராக் செய்த சரக்கு. சம்பளம் வந்த பிறகு மனிதர் திருந்திவிட்டார். இப்போது கிராக் பிளகின் வைத்திருக்கும் பையன்களைப் பார்த்தால், 'கலைஞனோட உழைப்பைத் திருடலாமாடா?' என்று வகுப்பெடுக்கிறார். நவம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அமெரிக்காவில் தள்ளுபடி அறிவிப்பார்கள் இல்லையா, தீபாவளி போனஸை அதுவரை செலவழிக்காமல் பொத்தி வைத்திருப்பார்.

கடைசியாக வாங்கியது சுப்பீரியர் டிரம்மர் 3. ஸ்வீடன் நாட்டு டூன்ட்ராக் நிறுவனம் 2017இல் வெளியிட்டது. ஜார்ஜ் மாசன்பர்க் என்ற புகழ்பெற்ற ஒலிப்பொறியாளர் பெல்ஜியத்தில் கேலக்ஸி ஸ்டுடியோவில் பதிவு செய்துகொடுத்த ஒலிகள். மொத்தம் 230 ஜிபி. நம்மவர் லேப்டாப்பின் கொள்ளளவே 512 ஜிபிதான். இடம் வேண்டுமே? மகளின் காதுகுத்து வீடியோ எடைக்கு எடை போனது. 'மாமா போன்ல ஒரு காப்பி இருக்கும்' என்று வீட்டம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மாமா அந்தப் போனை மாற்றிவிட்டார் என்பது இதுவரை வீட்டம்மாவுக்குத் தெரியாது.

அவர் வீட்டுக்கு நீங்கள் காபி குடிக்கப் போனால் தப்ப முடியாது. ஹெட்போனை உங்கள் தலையில் மாட்டிவிட்டு, ஸ்னேர் என்ற டிரம்மின் சத்தங்களைப் போட்டு, கண்ணையே பார்ப்பார்.

"இது ஏ." 'டப்'. "இது பி." 'டப்'. "வித்தியாசம் தெரியுதா?"

"தெரியுது."

"எப்படித் தெரியுது?"

இந்தக் கேள்விக்கு யாரும் தயாராக வருவதில்லை. "ரெண்டாவது கொஞ்சம்... கெட்டியா இருக்கு" என்று வையுங்கள். முகம் மலர்ந்துவிடும். "கரெக்ட்! அது பித்தளை ஸ்னேர். முதல்ல கேட்டது மேப்பிள் மரம். சி ஒண்ணு இருக்கு, வெண்கலம்." அடுக்களையிலிருந்து குரல் வரும்: "நான் கல்யாணப் புடவை எடுக்க ரெண்டு மணி நேரம் ஆச்சுன்னு கடைக்காரன் முன்னாடியே கத்தினவருங்க இவரு."

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மனிதர் மாட்டிக்கொண்டிருப்பது வேறோர் இடத்தில். மௌஸால் அடுக்கிய தாளம் துளி பிசகாமல் இருக்கும். துளி பிசகாமல் இருப்பதுதான் அதன் குற்றம். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தட்டலும் எவ்வளவு ஓங்கி விழுகிறது என்பதற்கு வேகம் என்று ஒரு கணக்கு உண்டு, 1 முதல் 127 வரை. எல்லாத் தட்டலையும் 127இல் வைத்து ஸ்னேரில் வேகமாக ஓர் உருட்டு உருட்டினால், வருவது உருட்டு இல்லை, துப்பாக்கிச்சூடு. மனிதக் கையில் இரண்டு தட்டல் ஒன்றுபோல விழுவதில்லை. வலது கை ஓங்கும், இடது கை தணியும். காது அதற்குப் பழகியிருக்கிறது. ஆகவே பிளகின் செய்கிறவர்கள் ஒரே வேகத்துத் தட்டலைப் பல தடவை பதிவு செய்து, மாற்றி மாற்றி ஒலிக்க வைக்கிறார்கள். அதோடு, தாளத்தை வேண்டுமென்றே லேசாகக் கலைத்துவிட ஒரு குமிழும் வைத்திருக்கிறார்கள். அதைத் திருப்பினால் சில தட்டல் முந்தும், சில பிந்தும், சில மெலியும். நம்மவர் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பது இந்தக் குமிழோடுதான். இயந்திரத்துக்குத் தப்புச் செய்யச் சொல்லிக்கொடுக்கிறார். அதுவும் அளவாகத் தப்புச் செய்ய.

நோயும் மருந்தும் ஒரே கையிலிருந்துதான் வந்தன. அமெரிக்காவில் ராஜர் லின் 1980இல் எல்எம்-1 என்ற டிரம் மெஷினைக் கொண்டுவந்தார். நிஜ டிரம்ஸின் பதிவுகளைக் கொண்டு ஒலித்த முதல் டிரம் மெஷின் அது. வாசிப்பவர் கொஞ்சம் முன்னே பின்னே தட்டினாலும் கோட்டுக்குள் இழுத்து நேராக்கும் வசதி அதில் இருந்தது. நேரானதை மறுபடி அசைந்தாட வைக்கும் ஸ்விங் வசதியும் அதிலேயே இருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேலாக உலகம் முழுக்க நம்மவர்கள் இந்த இரண்டு பித்தானுக்கும் இடையில் போய் வந்துகொண்டிருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஆக்டோபேட் வாசிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். மெல்லிசைக் குழுக்காரர். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா என்று வருஷம் முழுக்கக் கையில் வேலை. நம்மவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். நானும் உடனிருந்தேன். உள்ளங்கை அகலத்தில் பதினாறு ரப்பர் கட்டங்கள் உள்ள சின்னப் பெட்டியை அண்ணன் முன்னால் வைத்தார்.

"தம்பி, பாட்டைப் போடுங்க."

"பாட்டு இன்னும் போடலண்ணே. முதல்ல பீட்டு."

"பாட்டு இல்லாம எதுக்குத் தம்பி வாசிக்கிறது?"

நம்மவரிடம் பதில் இல்லை. அண்ணன் பெருந்தன்மைக்காரர். தானாகவே ஏதோ ஒரு மெட்டை மூக்குக்குள் முனகிக்கொண்டு, இரண்டு விரலால் அந்தக் கட்டங்களில் தட்டினார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, தரையில் உட்கார்ந்திருந்த நம்மவர் மகள் எழுந்து ஆடினாள். நம்மவர் மட்டும் திரையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த ரெண்டாவது ஸ்னேர் பன்னிரண்டு மில்லி செகண்டு லேட்டா விழுந்திருக்கு."

"பாடுறவன் அங்கதான் மூச்சு எடுப்பான் தம்பி. அதான் விட்டுப் பிடிச்சேன்."

அண்ணன் டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவர் செருப்பு மாட்டும் சத்தம் அடங்குவதற்குள் நம்மவர் எல்லாத் தட்டலையும் தேர்ந்தெடுத்து நூறு சதவீதம் நேராக்கினார். போட்டுக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். "உயிர் இல்லையே" என்றார். பிறகு கலைக்கும் குமிழைப் பதினைந்து சதவீதத்துக்குத் திருப்பி, "இப்பப் பாருங்க, மனுஷன் வாசிச்ச மாதிரியே இருக்கு" என்றார்.

பிளகின்களில் இன்னொரு கூத்து உண்டு. நிஜ டிரம்ஸைப் பதிவு செய்கையில் ஸ்னேருக்கு வைத்த மைக்கில் கிக் என்ற பெரிய டிரம்மின் சத்தமும் கசியும். அந்தக் கசிவைக் குறைக்க ஒலிப்பதிவாளர்கள் பெரும்பாடு படுவார்கள். பிளகினில் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுத்தமாக வருகிறது. அதனால் கசிவைச் சேர்ப்பதற்கென்றே தனிக் குமிழ் இருக்கிறது! நம்மவர் அதை முக்கால்வாசி திருப்பிவைத்து, பெல்ஜியம் ஸ்டுடியோவின் அறை எதிரொலியையும் தாராளமாகக் கலந்துகொள்கிறார். அதே பாட்டில் கிடார் பதிவாவது மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, பனியன் நனைய. அப்படியும் பாதியில் குக்கர் மூன்று விசில் விட்டுவிடும். டிரம்ஸ் ஐரோப்பாவில் இருக்கும், கிடார் அடுக்களைக்குப் பக்கத்தில் இருக்கும்.

பித்தானை அழுத்தும் கணத்துக்கும் சத்தம் காதில் விழும் கணத்துக்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. அதற்கு லேட்டன்சி என்று பெயர். கம்ப்யூட்டர் 1,024 சாம்பிள் சேர்த்து வைத்துக்கொண்டு ஒலித்தால், நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் 23 மில்லி செகண்டு அதிலேயே போய்விடும். உண்மையான தொந்தரவுதான், மறுக்கவில்லை. ஆனால் நம்மவர் வீட்டில் தாளம் தவறிய எதுவும் லேட்டன்சிதான். கிடார் பின்தங்கினால் லேட்டன்சி. ஸ்கூல் வாசலில் மகள் காத்திருந்தால் அதுவும் லேட்டன்சி. கரண்ட் பில் கட்ட மறந்ததற்கும் அதையே சொல்லிப் பார்த்தார். மின்வாரியம் ஒத்துக்கொள்ளவில்லை.

அவரைக் குறை சொல்ல முயன்றால் இரண்டு அஸ்திரங்கள் வைத்திருக்கிறார். ஒன்று, மெஷுகா. தாமஸ் ஹாக்கே என்ற அசகாய டிரம்மரைக் கொண்ட ஸ்வீடன் மெட்டல் குழு. 2005இல் வந்த அவர்களுடைய கேட்ச் தர்ட்டித்ரீ ஆல்பத்தில் டிரம்ஸ் கம்ப்யூட்டரில் அடுக்கியதுதான். 'அவரே பண்ணும்போது நான் பண்ணா என்ன?' நியாயம். ஆனால் அந்தத் தட்டல்களே ஹாக்கே முன்பு உட்கார்ந்து வாசித்துப் பதிவானவை என்பதை நம்மவர் விழுங்கிவிடுவார். இரண்டாவது அஸ்திரம், எதிர்பார்த்ததுதான்: 'ரஹ்மான் சாரே வீட்டுல வெச்சுதான் பண்ணாரு.' உண்மை. கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டியே 1989இல் பஞ்சதன் ஸ்டுடியோவைத் தொடங்கினார். 1992இல் ரோஜா வந்தது. ஆனால் நடுவில் அவர் விளம்பரங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தார். விளம்பரக்காரன் சொன்ன தேதிக்குக் கொடுத்தே ஆக வேண்டும், எந்த ஸ்னேர் என்று மூன்று மாதம் யோசிக்க முடியாது. நம்மவருக்குக் கருவி எல்லாம் இருக்கிறது. தேதி சொல்ல ஆள் இல்லை.

போன ஆடியில் குத்துப் பாட்டு ஒன்று போட வேண்டும் என்று தோன்றிவிட்டது. கம்ப்யூட்டர் இசைக்கருவிகளுக்குப் பொதுவாக ஒரு தாளவாத்தியப் பட்டியல் உண்டு, 1991இல் வகுத்தது. 35 முதல் 81 வரை எண்ணிட்ட 47 ஒலிகள். பாங்கோ இருக்கிறது, காங்கா இருக்கிறது, பிரேசில் நாட்டுக் குயிக்கா இருக்கிறது. 39ஆம் எண் கைதட்டல், 71ம் 72ம் விசில். கைதட்டலும் விசிலும் இருந்தால் முதல் நாள் முதல் காட்சி ரசிகன் தயார். பறையும் தவிலும்தான் இல்லை. நம்மவர் நல்ல தவில் ஒலிப்பதிவு தேடி இரவும் பகலும் அலைந்துகொண்டிருந்தபோது, தெருமுனை அம்மன் கோயில் ஊர்வலம் வாசலுக்கு வந்தது. இரண்டு தவில், பின்னால் பறை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நம்மவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, "இந்தச் சத்தத்துல ஒரு வேலை பார்க்க முடியுதா?" என்றார்.

இத்தனை பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த கிக்கின் அடிநாதம் ஐம்பது, அறுபது ஹெர்ட்ஸில் கிடக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நாம் கேட்பது போன் ஸ்பீக்கரில். அது அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது. வெண்கலமா, பித்தளையா, மேப்பிளா என்பதெல்லாம் பஸ் இரைச்சலில் ஒரே 'டப்'தான். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். சொன்னால், 'அப்ப நல்ல ஸ்பீக்கர்ல கேளுங்க' என்று உங்கள் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வருவார்.

மொத்தத்தில் தீங்கில்லாத மனிதர். சீட்டாடவில்லை, குடிக்கவில்லை, ராத்திரி வீட்டில் இருக்கிறார். உங்கள் குடியிருப்பிலும் ஒருவர் இருப்பார். ஸ்னேரைப் போட்டு ஏயா பியா என்று கேட்டால், யோசிக்காமல் ஏ என்று சொல்லிவிடுங்கள். பி என்றால் சி வரும். 'பாட்டு எப்ப வரும்?' என்று மட்டும் எந்தக் காரணம் கொண்டும் கேட்டுவிடாதீர்கள். இன்னும் பாடகர் கிடைக்கவில்லை, ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.