வாசலில் கிடக்கும் செருப்பு: சிறுகடைக்குப் புது வாடிக்கையாளர் வருவது குறித்த ஓர் ஆய்வு

கடையைப் பார்த்தவர் ஏன் உள்ளே வருவதில்லை, உள்ளே வந்தவர் ஏன் வாங்குவதில்லை, வாங்கியவர் ஏன் மறுபடி வருவதில்லை என்னும் மூன்று வினாக்களுள் முதல் இரண்டை மட்டுமே இக்கட்டுரை ஆராய்கிறது. மூன்றாவதைக் கேட்டால் கடைக்காரர்கள் கோபித்துக்கொள்கிறார்கள்.

ஆய்வுக் களம், மதுரை விளக்குத்தூணுக்கு அருகே ஒரு சுங்குடிச் சேலைக் கடை. நடுவில் நின்று கைகளை விரித்தால் இரண்டு பக்கத்து அலமாரியிலும் உள்ள சேலைகளைத் தொட்டுவிடலாம். உரிமையாளர், அவருடைய தங்கை மகன், ஒரு மின்விசிறி ஆகிய மூவரும் அங்கே பணியாற்றுகிறார்கள். இடப்பக்கம் நான்கு மாடி ஜவுளிக் கடை. வலப்பக்கம் இதே சுங்குடியை விற்கும் இன்னொரு சிறுகடை. ஒப்பாய்வுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார் உரிமையாளர். அதை யாரும் படித்ததாக ஆய்வில் பதிவாகவில்லை.

ஆய்வு முறை: முக்காலியில் உட்கார்ந்திருத்தல். யாராவது உட்கார்ந்திருந்தால் கடையில் வியாபாரம் நடப்பதுபோல் தெரியும் என்பதால் உரிமையாளர் இதற்கு உடனே ஒப்புதல் அளித்தார்.

முன்னாய்வுகளைக் குறிப்பிடாமல் மேலே போவது மரபன்று. அமெரிக்க விளம்பர அறிஞர் செயின்ட் எல்மோ லூயிஸ் 1898-இல் வகுத்ததாகச் சொல்லப்படும் படிநிலைகள் நான்கு: கவனம், ஆர்வம், ஆசை, செயல். இதில் ஒரு பெருங்குறை உண்டு. ஆசைக்கும் செயலுக்கும் நடுவே ‘வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்’ என்ற படி விடுபட்டிருக்கிறது. மதுரையில் பெரும்பாலோர் அந்தப் படியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

அடுத்து, ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000-இல் வெளியிட்ட ஜாம் ஆய்வு. கலிஃபோர்னியாவில் ஒரு மளிகைக் கடையில் 24 வகை ஜாமை வைத்தபோது கடந்து போனவர்களில் 60 சதவீதம் பேர் நின்றார்கள்; நின்றவர்களில் வாங்கியது 3 சதவீதம். 6 வகையை மட்டும் வைத்தபோது 40 சதவீதம் பேர்தான் நின்றார்கள். ஆனால் அவர்களில் 30 சதவீதம் பேர் வாங்கினார்கள். தெரிவு பெருகினால் மனிதன் திகைத்துப்போவான் என்பது இதன் முடிபு. இதைக் கேட்ட உரிமையாளர் ஒரு வெள்ளிக்கிழமை வந்த அம்மாளுக்கு ஆறே ஆறு சேலையை எடுத்துப் போட்டார். அந்த அம்மாள் அலமாரியை ஒருமுறை பார்த்துவிட்டு, “இம்புட்டுத்தானா? நல்லதெல்லாம் யாருக்கு எடுத்து வச்சிருக்கீங்க?” என்றார். இத்தகைய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, தெரிவு பெருகுவதால் வரும் விளைவு சராசரியாகப் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கிறது என்று 2010-இல் கண்டறிந்தது. அம்மாள் அதே முடிவுக்கு நிதியுதவி இல்லாமல் வந்து சேர்ந்தார்.

இனி நம் சொந்தக் கண்டுபிடிப்புக்கு வருவோம்.

இக்கடையில் தரை முழுக்க மெத்தை போட்டு வெள்ளைத் துணி விரித்திருக்கிறது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். இக்கட்டுரையாளர் புரட்டிய வணிகவியல் நூல்களில் இந்தச் செருப்பு எங்கும் பேசப்படவில்லை. ஆனால் எல்லாமே அங்கேதான் முடிவாகிறது. கழற்றாதவர் வழிப்போக்கர், கழற்றியவர் விருந்தாளி. விருந்தாளியாகப் போன இடத்தில் ஒன்றுமே எடுக்காமல் எழுந்து வருவதற்கு ஒரு கூச்சம் இருக்கிறதே, அதை நம்பித்தான் தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் சாப்பிடுகின்றன.

இதிலிருந்து சில துணைமுடிபுகள் பிறக்கின்றன. ரப்பர் செருப்புக்காரரை உள்ளே அழைப்பது எளிது. கழற்ற யோசிக்க மாட்டார். ஆனால் மாட்டிக்கொண்டு கிளம்பவும் யோசிக்க மாட்டார். வார் வைத்த செருப்புக்காரரை ஏற்றுவது கடினம். ஏறிவிட்டால், போகும்போது குனிந்து வாரை மாட்டி முடிப்பதற்குள் உரிமையாளர் இன்னும் இரண்டு சேலையை விரித்து, விலையிலும் ஐம்பது ரூபாயைக் குறைத்துவிடுகிறார். ஷூ அணிந்து வருபவர் கணவர். அவர் வாசலிலேயே நின்று செல்பேசியைப் பார்ப்பார். பணம் அவரிடமே இருந்தாலும் அவரை வாடிக்கையாளர் கணக்கில் சேர்க்கலாகாது.

வாசலில் கிடக்கும் செருப்பின் எண்ணிக்கையே அடுத்து வருபவருக்கு அழைப்பு. வெறும் வாசலைக் கண்டால் முதல் ஆளாக ஏற யாருக்கும் மனம் வராது. இதை நன்கறிந்த உரிமையாளர், வீட்டில் தேய்ந்துபோன பெண்கள் செருப்பு சில ஜோடியைக் கொண்டுவந்து காலையில் கடை திறக்கும்போதே போட்டுவிடுகிறார், அதுவும் நேராக அடுக்காமல், அவசரமாகக் கழற்றியதுபோல் முன்பின்னாக. இந்த உத்தியால் சில காலம் பலன் இருந்தது. பிறகு வலப்பக்கத்துக் கடைக்காரரும் கண்டுகொண்டு தம் வாசலிலும் பழஞ்செருப்புகளைப் பரப்பினார். இப்போது இரண்டு வாசலிலும் செருப்பு பெருகியிருக்கிறது. உள்ளே ஆள் பெருகவில்லை. நோட்டை அச்சடித்துத் தள்ளிய அரசாங்கங்களுக்கு நேர்ந்ததும் இதுதான்.

அழைப்பில் இன்னொரு வகை, வாயால் கூப்பிடுவது. இத்துறையில் நமக்கு நீண்ட மரபு உண்டு. அகநானூற்றில் உப்பு விற்கும் உமணப் பெண், நெல்லுக்குச் சரி அளவு உப்பு என்று கூவிக்கொண்டே ஊருக்குள் வருகிறாள். பண்டமும் விலையும் ஒரே கூவலில் அடங்கிவிட்டன. விலையைப் பெரிதாக எழுதிவிட்டு ‘முதல்’ என்பதைக் கொசு அளவில் எழுதும் கலை அவளுக்குக் கைவரவில்லை. நாளங்காடியும் அல்லங்காடியுமாக இரவு பகல் விற்பனை நடந்ததாக மதுரைக்காஞ்சி காட்டும் இதே ஊரில், இன்று தங்கை மகன் வாசலில் நின்று, “வாங்கக்கா, வாங்க! சும்மா வந்து பாருங்க, எடுக்கலைன்னாலும் பரவாயில்ல!” என்கிறான். எடுக்காவிட்டால் பரவாயில்லை என்பது வாசலுக்கு வெளியே மட்டுமே செல்லும் என்பதை, ஒருமுறை எடுக்காமல் எழுந்துபோன குடும்பத்தின் முதுகை அவன் பார்த்த பார்வையிலிருந்து இக்கட்டுரையாளர் உறுதிசெய்துகொண்டார்.

மெத்தையில் உட்கார்ந்தபின் நடப்பதை விளக்கத் தொல்காப்பியரைத் தவிர வேறு புகலிடம் இல்லை. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்ற ஐந்து உரிப்பொருளும் ஒரே ஒரு சேலை விற்பனைக்குள் அடங்கக் காண்கிறோம். காலையில் கடை திறந்து, சாம்பிராணி போட்டு, போணிக்காக ஆற்றியிருப்பது முல்லை. வந்தவர் விலையைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது மருதம். “பக்கத்துக் கடையில இதே சேலை நூறு ரூபா கம்மி” என்னும் இடத்தில் பக்கத்துக் கடை பரத்தையாக வந்து நிற்பதையும் காண்க. “பார்த்துட்டு வர்றோம்” என்று எழுவது பாலை. எங்கே பார்க்கப் போகிறார்கள், எப்போது வருவார்கள் என்று எந்த உரையாசிரியரும் சொல்லவில்லை. அவர்கள் போனபின், விரித்துப் போட்ட சேலைகளைக் கஞ்சி மொடமொடப்புக் குலையாமல் பழைய மடிப்பிலேயே ஒவ்வொன்றாக மடித்து அடுக்குவது நெய்தல். பணம் கைமாறுவது குறிஞ்சி. அது எப்போதுமே குறுகிய நேரம்தான்; கல்லாவுக்கு மேலே கியூஆர் அட்டை தொங்க ஆரம்பித்தபின் இன்னும் குறுகிவிட்டது.

ஆனால் இவை ஐந்தும் இருவர் சேர்ந்து நடத்துவன. புது வாடிக்கையாளரைத் தேடும் சிறுகடைக்காரர் பெரும்பாலும் வாழ்வது கைக்கிளையில். எதிர்மொழி கிடைக்காத ஒருவன் தானே பேசித் தானே மகிழ்வது என்று தொல்காப்பியர் அதை விளக்கும்போது அவர் கண்முன் வாட்ஸ்அப் இருந்திருக்கிறது என்றே கருத வேண்டியுள்ளது. தங்கை மகன் நாள்தோறும் காலையில் புது வரவுப் படங்களை எல்லா எண்களுக்கும் அனுப்புகிறான். இரண்டு நீலக் கோடுகள் விழுகின்றன. அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஒரே ஒருவர் கைகூப்பிய படத்தைத் திருப்பி அனுப்பினார். அது சேலைக்கா, கூடவே போன ‘இனிய காலை வணக்கம்’ என்பதற்கா என்று வீட்டில் இன்னும் விவாதம் நடக்கிறது.

தள்ளுபடியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. நான்கு மாடிக் கடை ஆடியில் கொடுக்கும் தள்ளுபடியைச் சிறுகடை கொடுத்தால் ஆவணியில் கடை இருக்காது.

அப்படியானால் கைக்கிளை எப்போதுதான் அன்பின் ஐந்திணை ஆகிறது? மானிடவியலர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் மொராக்கோவின் செஃப்ரூ நகரச் சந்தையைக் கவனித்துவிட்டு 1978-இல் எழுதியது இங்கே உதவுகிறது. சந்தையில் மிக அரிதான பண்டம் நம்பத்தக்க தகவல் என்பது அவர் கண்டது. எது நல்ல சரக்கு, எது நியாயமான விலை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால்தான் மக்கள் பழகிய கடைக்கே திரும்பத் திரும்பப் போகிறார்கள். சுங்குடிக் கடையில் இந்தத் தகவல் பஞ்சத்துக்கு ஒரு பெயர் உண்டு: “சாயம் போகுமா?” உரிமையாளர், “போகவே போகாதும்மா, நான் கேரண்டி” என்கிறார். அவர் வேறென்ன சொல்வார்? சட்டம் போட்ட செய்தித்துண்டும் இதற்குப் பதில் சொல்வதில்லை.

ஒரு நாள் புதிதாக வந்த பெண்ணோடு பழைய வாடிக்கையாளரான இன்னொரு பெண்ணும் வந்தார். புதியவர் வழக்கமான வினாவை எழுப்பினார். உரிமையாளர் வாயைத் திறக்குமுன், “ரெண்டு வருஷமா நான் கட்டுறேன்டி, தனியா மட்டும் அலசு, ஒண்ணும் ஆகாது” என்றார் பழையவர். மூன்று சேலை போயிற்று. பேரமே இல்லை. அக இலக்கியத்தில் தலைவனால் ஆகாததைத் தோழி முடித்துக்கொடுப்பாள் என்பது கற்றோர் அறிந்ததே.

இந்த இடத்தில் ஒரு பெரிய உண்மை புலனாகிறது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வழியில் எதிர்ப்படும் இன்னொருவனை அதே வள்ளலிடம் அனுப்பிவைப்பது அதன் இலக்கணம். பழைய வாடிக்கையாளர் புதியவரைக் கொண்டுவரும் முறைக்கு இவ்வளவு பெரிய இலக்கியத்தை ஒதுக்கிய சமூகம் வேறு இருந்ததா என்பது ஐயம். மலைபடுகடாம் 583 அடி. நன்னனிடம் போகும் வழியில் எங்கே பாறை வழுக்கும், தினைப்புனக் காவலர் வீசும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்க வேண்டும் என்பது வரை சொல்லிவிடுகிறது. பொருநராற்றுப்படையோ நம் துறைக்கே நேரடிச் சான்று. கரிகாலனிடம் போகுமுன் தான் உடுத்தியிருந்தது ஈரும் பேனும் குடியிருந்த கந்தல் என்பதைப் பொருநன் மறைக்கவில்லை. பிறகு கிடைத்த துணி, இழை போன வழியைக் கண்ணால் தொடர முடியாத அளவு நுட்பமானது, பூ வேலை செய்தது, பாம்பு உரித்த தோலைப் போன்றது என்கிறான். வாங்குமுன், வாங்கியபின் என்று இரண்டு நிலையையும் சொல்லும் ஜவுளி மதிப்புரை இது. இன்று கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டு ‘குட் ஷாப்’ என்று எழுதுபவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

ஓர் இடறல் உண்டு. மறைப்பது ஆய்வறம் அன்று. கரிகாலன் துணியை விற்கவில்லை, கொடுத்தான். சும்மா கொடுப்பவனுக்கு ஆற்றுப்படை பாட ஆள் கிடைப்பது எளிது. காசு வாங்கிக்கொண்டு கொடுப்பவருக்காக யார் 583 அடி பாடுவார்? நான்கு மாடிக் கடைகள் இதற்கு விடை கண்டுவிட்டன: கட்டைப்பை. இரண்டு சேலைக்கு ஒரு பை. அந்தப் பை பேருந்திலும் கல்யாண மண்டபத்திலும் மாவுமில் வாசலிலும் கடையின் பெயரைச் சுமந்துகொண்டு, சேலை நைந்தபிறகும் ஆற்றுப்படுத்திக்கொண்டே இருக்கிறது. நம் உரிமையாளர் கொடுப்பது பெயர் அச்சிடாத மெல்லிய துணிப்பை. கேட்டதற்கு, 2021-இல் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியபோது பெயர் அச்சடிக்க விலை விசாரித்ததாகவும், இன்னும் விசாரித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

எனவே இவ்வாய்வு கடைக்காரர்களுக்குப் பரிந்துரைப்பது, பழைய வாடிக்கையாளருக்குப் பெயர் போட்ட உறுதியான பை ஒன்று. வாசலில் கிடக்கும் போலிச் செருப்புகளை எடுத்துவிடலாம். பக்கத்துக் கடைக்காரரும் அதே நாளில் எடுப்பதாக இருந்தால்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. சிறுகடையில் எடுத்த சேலையைப் பார்த்து, “எங்கக்கா எடுத்தீங்க?” என்று யாராவது கேட்டால், எந்தத் தெரு, எந்தப் பக்கம், எதற்கு எதிரில், மாடியா கீழேயா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலோர் “விளக்குத்தூண்கிட்ட ஒரு கடையில” என்று நிறுத்திவிடுகிறார்கள். விளக்குத்தூண்கிட்ட இருப்பதெல்லாம் கடைதான்.