இரண்டு கருணைத் துறைகள்

பிரிட்டிஷ் ஆட்சியில் கென்யாவுக்கு வாய்த்த பாக்கியங்களில் இரண்டைத் தனியாகப் பாராட்ட வேண்டும். ஒன்று கால்நடை மருத்துவத் துறை, மற்றது வனவிலங்குத் துறை. முன்னது வீட்டு மிருகத்தை நோயிலிருந்து காத்தது. பின்னது காட்டு மிருகத்தை மனிதனிடமிருந்து காத்தது. வாயில்லா ஜீவன்கள் அத்தனைக்கும் இப்படிக் காவல் ஏற்பட்டுவிட்ட பிறகு, வாயுள்ள ஜீவன் ஒன்று மட்டும் இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. அது கம்பா இனம். நைரோபிக்குத் தென்கிழக்கே, மச்சாகோஸ் மலைச்சரிவுகளில் மாடு மேய்த்து, பயிர் செய்து, வில்லெடுத்து வேட்டையாடி வாழ்ந்த மக்கள்.

காட்டுக் கருணையிலிருந்து தொடங்குவோம். 1900-இல் ஐரோப்பிய அரசுகள் லண்டனில் கூடி, ஆப்பிரிக்க விலங்குகளைக் காக்க உடன்படிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டன. அந்த அவையில் ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. விலங்குகளையும் அழைக்கவில்லை என்பதால் பாரபட்சம் என்று குறை சொல்ல வழியில்லை.

அதே புத்தியில் கென்யாவுக்கு வந்த வேட்டைச் சட்டத்தின் சாரம் இதுதான்: கொல்வதில் தவறில்லை, காசு கட்டாமல் கொல்வதுதான் தவறு. வெளியிலிருந்து வரும் துரைக்கு லைசென்ஸ் 50 பவுன். அங்கே கூலிக்குப் போகும் ஒருவனுக்கு அது பல வருடச் சம்பளம். சிங்கமும் சிறுத்தையும் பீடை வரிசையில் இருந்தன; அவற்றை எத்தனை வேண்டுமானாலும் சுடலாம். கம்பாவின் விஷ அம்போ குற்றம். அம்பு பட்ட மிருகம் துடிக்குமாம், அது கொடூரமாம். தோட்டா பட்ட மிருகம் நன்றி சொல்லிவிட்டுச் சாகும் போலிருக்கிறது. வயிற்றுக்காகக் கொன்றவன் கள்ள வேட்டைக்காரன் ஆனான். சுவரில் தலையை மாட்டக் கொன்றவன் கனவான் ஆனான்.

1909-இல் அப்படியொரு பெரிய கனவான் மொம்பாசாவில் வந்து இறங்கினார். அமெரிக்க ஜனாதிபதி பதவியை அப்போதுதான் முடித்திருந்த தியோடர் ரூஸ்வெல்ட். தம் நாட்டில் காடு காத்த தலைவர் என்று பெயர் வாங்கியவர். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் சேர்க்க மகன் கெர்மிட்டோடு வந்தார். கென்யாவிலிருந்து சூடான் வரை அப்பனும் மகனும் சுட்டுச் சாய்த்தவை 512. அதில் சிங்கம் 17, யானை 11, காண்டாமிருகம் 20. கணக்கை அவரே தம் நூலில் பெருமையாக அச்சிட்டிருக்கிறார். இதே பட்டியலை ஒரு கம்பா வேட்டைக்காரன் சொல்லியிருந்தால் வாக்குமூலம் என்று பதிவு செய்திருப்பார்கள்.

இனி வீட்டுக் கருணை. எரித்திரியாவில் நுழைந்த இத்தாலியப் படைக்காக இறக்கிய மாடுகளோடு ஆப்பிரிக்காவுக்குள் வந்தது வெக்கை நோய் என்பது பரவலான கணிப்பு. 1890 வாக்கில் அது கிழக்கு ஆப்பிரிக்க மந்தைகளைத் துடைத்தெடுத்தது. மாசாய் மக்களின் மாடுகளில் பெரும்பகுதி அழிந்தது. மாடு செத்து, பஞ்சத்தில் ஆளும் செத்த மேய்ச்சல் நிலத்தைப் பின்னால் வந்து பார்த்தவர்கள், ஆளில்லா நிலம் கிடக்கிறதே என்று மனமிரங்கிக் குடியேறினார்கள்.

குடியேறிய துரைமார் உயர்சாதி ஆடுகளையும் காளைகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். ஆப்பிரிக்க உண்ணிக்குச் சாதி தெரியவில்லை. டெலமியர் பிரபுவின் நிஜோரோ பண்ணையில் மந்தை மந்தையாகச் செத்தன. நைரோபிக்குப் பக்கத்தில் கபேட்டேயில் ஆய்வுக்கூடம் எழுந்தது. அங்கே நடந்த அறிவியல் உயர்ந்ததுதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊசி போகும் திசைக்கும் பூட்டு போகும் திசைக்கும் வித்தியாசம் இருந்தது. ஊசி பண்ணைக்குப் போனது, பூட்டு கம்பாவின் ஒதுக்கு நிலத்துக்குப் போனது. நோய்த் தடுப்பு என்ற பெயரில் அந்த நிலத்தை ஆண்டுக்கணக்கில் மூடி வைத்தார்கள். கம்பா மாடு எல்லை தாண்டி வந்தால் துரை மாட்டுக்கு நோய் வரும். அது சந்தைக்கு வந்தால் துரை மாட்டுக்கு விலை இறங்கும். இரண்டாவது காரணத்தைச் சுற்றறிக்கையில் எழுதுவது நாகரிகமில்லை.

விற்க முடியாத மாடு என்ன செய்யும்? கன்று போடும். கூடவே முவா மலையின் நல்ல புல்லைக் குடியேறிகள் எடுத்துக்கொண்டார்கள். யாட்டா மேய்ச்சல் நிலத்தை அரசு தன் நிலம் என்று அடைத்தது. மிச்சமிருந்த சரிவில் மாடு நெரிந்தது, மண் அரித்தது. வல்லுநர்கள் வந்து பார்த்தார்கள். நிலம் குறைந்துவிட்டது என்று எழுத அவர்களுக்குக் கை வரவில்லை. மாடு கூடிவிட்டது என்று எழுதினார்கள். கம்பாவுக்கு மாட்டுப் பித்து என்று நோயும் கண்டுபிடித்தார்கள். வீட்டைப் பிடுங்கிக்கொண்டு, திண்ணையில் ஏன் இத்தனை பேர் என்று கேட்பவனுக்கு எந்த ஊரிலும் வல்லுநர் என்று பெயர் கிடையாது. காலனியில் கிடைத்தது, சம்பளத்தோடு.

1938-இல் சிகிச்சை தொடங்கியது. மாடுகளை எண்ணி, அரசு குறித்த அளவுக்கு மேற்பட்டதைக் கட்டாய ஏலத்தில் தள்ளினார்கள். அதே ஆண்டு அத்தி ஆற்றங்கரையில் லீபிக் நிறுவனத்தின் இறைச்சி ஆலை திறந்து மலிவு மாட்டுக்காகக் காத்திருந்தது. நேற்றுவரை எல்லை தாண்டக் கூடாத நோய்ப் பண்டம், ஆலைக்கு என்றதும் சுத்தமாகிவிட்டது. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு வேகமான குணம் அபூர்வம்.

கம்பாக்கள் கலகம் செய்யவில்லை. ஜூலைக் கடைசியில் ஆணும் பெண்ணும் குழந்தையுமாக ஆயிரக்கணக்கில் நைரோபிக்கு நடந்தார்கள். கவர்னரைப் பார்க்க வேண்டும் என்று வாரக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்தார்கள். கவர்னர் புரூக்-போபம் அங்கே அவர்களைச் சந்திக்கவில்லை. மாடு எண்ண நேரமிருந்த அரசுக்கு மனிதர் முகம் பார்க்க நேரமில்லை. முன்னின்ற முயிண்டி ம்பிங்குவைப் பிடித்து லாமு தீவுக்கு நாடு கடத்தினார்கள். ஆனாலும் ஆண்டு முடிவதற்குள் கட்டாய விற்பனையைக் கைவிட வேண்டியதாயிற்று. படையிலும் போலீசிலும் கம்பா ஆட்கள் நிறைய இருந்தார்கள் என்பது அந்தக் கருணைக்கு எவ்வளவு உதவியது என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம்.

நெரிசல் அப்படியே இருந்தது. முவா மலையைத் திருப்பிக் கொடுத்தால் தீரும். ஆனால் அது நடைமுறைக்கு ஒத்துவராது, அங்கே துரை இருக்கிறார். மச்சாகோஸுக்குத் தெற்கே மக்குவேனியில் புதர்க்காடு இருந்தது, அங்கே மாட்டுக்கு நோய் பரப்பும் செட்சி ஈ இருந்தது. துரை வைத்திருந்த நிலம் துரைக்கு, ஈ வைத்திருந்த நிலம் கம்பாவுக்கு என்று நீதி வழங்கினார்கள். அந்தப் புதரில் காண்டாமிருகமும் இருந்தது. அதை அப்புறப்படுத்த எந்தத் துறையைக் கூப்பிட்டார்கள்? விலங்குகளைக் காப்பதற்கென்றே இருந்த துறையைத்தான். அதன் வேட்டைக்காரர் ஜே. ஏ. ஹண்டர் 1944 ஆகஸ்ட் 29 முதல் 1946 அக்டோபர் 31 வரை அங்கே சுட்ட காண்டாமிருகங்கள் 996. ஆயிரமாக்காமல் நிறுத்தியதைக் கருணை என்றே வைத்துக்கொள்வோம். அந்த டிசம்பரில், துப்பாக்கிக் குழல் ஆறி இரண்டு மாதம் ஆகுமுன், அதே காலனியில் நைரோபி தேசியப் பூங்கா பிறந்தது. விலங்குகளின் மேல் அரசுக்கு உள்ள அன்பை உலகம் பாராட்டியது.

இதற்குப் பிறகும் குற்றவாளி கம்பாதான். 1948-இல் சாவோ பூங்கா வந்தது. கம்பாக்களும் வாட்டா என்ற வேட்டை இனத்தாரும் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய காடு அது. 1950களின் நடுவில் அங்கே கள்ள வேட்டை ஒழிப்புப் படை இறங்கி, வில்லுக்காரர்களை வளைத்துச் சிறையில் போட்டது. சம்பளம் வாங்கிக்கொண்டு 996 கொன்றவர் நினைவுக் குறிப்பு எழுதிப் புகழ் பெற்றார். அம்பறாத்தூணியோடு அகப்பட்டவன் கல்லுடைத்தான்.

இரண்டு துறைகளும் தோற்றுவிட்டன என்று யாரும் சொல்ல வேண்டாம். ஏற்பட்ட நோக்கத்தில் இரண்டுமே வென்றன. மிருகம் வாழ்கிறதா சாகிறதா என்ற கேள்வியே அவற்றுக்கு இருந்ததில்லை. கம்பாவின் மாட்டை விற்கும் அதிகாரமும், கம்பாவின் காட்டில் கொல்லும் அதிகாரமும் யார் கையில் என்பதுதான் கேள்வி. அதற்கு நோய்த் தடுப்பு என்றும் விலங்குக் காப்பு என்றும் வெள்ளைக் கோட்டும் காக்கிச் சட்டையும் மாட்டினார்கள். திருட்டுக்குச் சீருடை போட்டால் அது நிர்வாகம்.

கென்யாவில் யூனியன் ஜாக் இறங்கியது 1963-இல். காசு கட்டிக் கொல்லும் அந்தக் கனவான் விளையாட்டுக்குத் தடை வந்தது 1977-இல். அந்தத் தடையைப் போட்டது லண்டன் அல்ல, நைரோபி.