எல்லாவற்றையும் போட்டோஷாப்பில் முடிப்பவர்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வரும் பஸ், கொல்லிமலை ஏறுமுன் காரவள்ளியில் கொஞ்சம் மூச்சு வாங்கும். அதற்குமேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருமோ என்ற கவலையை ஒத்திவைத்துவிட்டு அடிவாரத்து ஃப்ளெக்ஸ்களைப் பாருங்கள். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றிலும் ஒரே வானம், ஒரே மேகம், ஒரே ஜோடிப் புறா. காது குத்துகிற குழந்தைக்கும் காலமான தாத்தாவுக்கும் மேகத்தில் பேதம் கிடையாது. அந்த மேகத்துக்குச் சொந்தக்காரர் நம் டிசைனர்.

இவர் எந்த ஊர் ஃப்ளெக்ஸ் கடையிலும் இருப்பார். வசதிக்காக மலையடிவாரத்தில் உட்கார வைத்திருக்கிறேன். வயது முப்பதுக்குள். இடது கைச் சுண்டுவிரல் கன்ட்ரோல் விசையிலேயே கிடந்து பழகியதால், டீ குடிக்கும்போதும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். தொழில் கற்றது போட்டோஷாப் 7.0-இல். 2002-இல் வந்த பதிப்பு. “அதுல இருந்த வேகம் இப்ப எதுலயும் இல்லைங்க” என்று காலமான முதலாளியைப் பற்றிப் பேசுகிற குரலில் சொல்வார்.

ஆளின் திறமையில் குறை சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் நசுங்கி வந்த குரூப் போட்டோவின் ஓரத்தில் பாதி முகமாக நிற்கும் பெரியப்பாவை வெளியே இழுத்து, இருக்கிற பாதியையே திருப்பிப் போட்டு மீதியை நிரப்பி, கோட்டு மாட்டி, டை கட்டி நிறுத்துவார். ஆயுசுக்கும் சட்டையின் மேல் பட்டனைப் போடாத மனிதர் அவர். இரண்டு கன்னத்திலும் மச்சம் வந்துவிட்டதே என்று யாரும் கேட்பதில்லை. நிறம் சிவந்துவிட்டதல்லவா, அது போதும். ஆடியில் வல்வில் ஓரி விழா வந்தால் கை இன்னும் விறுவிறுக்கும். ஓரி ஒரே அம்பில் வீழ்த்தியவை யானை, புலி, மான், பன்றி, உடும்பு. முதல் நாலும் கூகுளில் கிடைத்துவிடும். உடும்புக்குத்தான் திண்டாட்டம். முதலை ஒன்றைச் சுருக்கி வைத்து, மேலே கொஞ்சம் புல்லைப் போட்டு மூடியிருப்பார்.

வில்லங்கம், மலைமேல் மிளகும் காப்பிக்கொட்டையும் விற்கிற ஒருவர் ரூபத்தில் வந்தது.

“தம்பி, நம்ம கடைக்கு ஒரு லோகோ. மலை ரோடு வளைஞ்சு வளைஞ்சு ஏறோணும், உச்சில ஒரு மிளகுக் கொடி.”

“பத்து நிமிசம், உக்காருங்கண்ணா.”

பத்தே நிமிடம்தான். விசிட்டிங் கார்டு அளவு, மூன்றரைக்கு இரண்டு அங்குலம், 300 டிபிஐ. பிரஷ்ஷால் சாலையை இழுத்து, எம்பாஸ் கொடுத்து, நிழல் போட்டு முடித்துவிட்டார். கார்டு பிரமாதமாக வந்தது. அடுத்து அதையே பத்தடி போர்டுக்குக் கேட்டார் மிளகுக்காரர். கார்டின் அகலத்தில் இருப்பவை மொத்தம் 1050 புள்ளிகள். பத்தடிக்குப் பரப்பினால் அங்குலத்துக்கு ஒன்பதுகூடத் தேறாது. ஃப்ளெக்ஸுக்கு 72 இருந்தால் தள்ளி நின்று பார்க்கையில் சமாளித்துவிடலாம். இங்கே ஒவ்வொரு வளைவும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது.

“ஏந்தம்பி, கொல்லிமலை ரோடு கேட்டா பழனி படிக்கட்டு போட்டுருக்க?”

“தள்ளி நின்னு பாத்தா தெரியாதுங்கண்ணா.”

“எங்க தள்ளி நிக்கிறது? கடைக்கு எதுத்தாப்புல பள்ளம்.”

இது கோரல் டிராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ செய்ய வேண்டிய வேலை. 1987-இல் இல்லஸ்ட்ரேட்டர், 1989-இல் கோரல், அதற்கும் பிறகு 1990-இல்தான் போட்டோஷாப், மூன்றில் கடைக்குட்டி. வெக்டரில் கோடு என்பது புள்ளிக் குவியல் இல்லை, கணக்கு. இங்கே தொடங்கு, அங்கே முடி, இந்த இரண்டு கைப்பிடியும் இழுக்கும் பக்கம் வளை. கார்டுக்கும் போர்டுக்கும் அதே கணக்குதான். 1960-களில் ரெனோ கம்பெனியில் கார் உடம்பின் வளைவுகளுக்காக பியர் பெசியர் என்ற பிரெஞ்சு இன்ஜினியர் பரப்பிய வித்தை அது. வளைவுக்கு நாலு புள்ளி; அடுத்தடுத்த வளைவுகள் முனையைப் பகிர்ந்துகொண்டால், எழுபதையும் ஏறி 211 புள்ளியில் மலைமேல் செம்மேடு போய்ச் சேர்ந்துவிடலாம்.

இதைச் சொன்னால், “போட்டோஷாப்லயும் பென் டூல் இருக்குங்க” என்பார். வாஸ்தவம். அதில் இவரைப் போல் வேலை செய்யவும் ஆள் கிடையாது. மாப்பிள்ளையின் காது மடலைச் சுற்றி இவர் புள்ளி வைத்து வருவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தோட்டைத் தாண்டி, கிருதாவைச் சுற்றி, ஒரு முடியும் சிதையாமல் சுத்தமான பெசியர் வளைவு. முடித்ததும் கன்ட்ரோல் என்டர் தட்டித் தலையை வெட்டி எடுத்துக்கொள்வார். கோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். உலகத்தரமான வெக்டரைத் தினமும் போட்டுவிட்டு, தினமும் குப்பையில் தள்ளுகிற மனிதர்!

கோரல்காரர்கள் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் ஊறிய அந்தப் பெரியவர்கள் கோட்டைத் தெய்வமாகக் கும்பிடுவார்கள். பெண்ணின் முகத்தில் பருவைக்கூடத் தொடாமல் வட்டத்துக்குள் பவர் கிளிப் போட்டு அடைத்து, “ஒரிஜினலா இருக்கட்டும்” என்பார்கள்.

மிளகுக்காரருக்கு ஜீப் கதவிலும் லோகோ வேண்டுமாம். லாரி ஊரான நாமக்கல்லில் ஸ்டிக்கர் வெட்டுகிறவரிடமிருந்து தகவல் வந்தது: “கர்வ்ல மாத்தி சிடிஆர் ஃபைலா அனுப்புங்க.” நம்மவர் அசரவில்லை. கோரலைத் திறந்தார். ஜேபெக்கை அப்படியே உள்ளே இழுத்துப் போட்டார். சிடிஆர் என்று சேமித்து அனுப்பினார். வருஷத்தில் அவர் கோரலைத் திறப்பது இதற்கு மட்டும்தான். வெட்டும் மெஷினின் பிளேடுக்குக் கோடு வேண்டும். கோடே இல்லாத ஃபைலைப் பார்த்து அது அசையாமல் நின்றது.

“அண்ணா, மெஷின் ரிப்பேருங்களாம்.”

மிளகுக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். “சரி, அந்த ரோட்டை எடுத்துரு. என் போட்டோவையே போட்டுரு. ஜீப்புக்குப் பிரிண்ட் எடுத்து ஒட்டிக்கலாம்.”

டிசைனரின் முகம் எந்த எஃபெக்டும் போடாமலேயே பளிச்சென்று ஆனது. சுண்டுவிரல் கன்ட்ரோல் விசைக்குப் போய்விட்டது.

“கோட்டு நீலமா, கறுப்புங்களாண்ணா?”