கேட்டவர்க்குக் கேட்டபடி

நான் கணினி விஞ்ஞான மாணவன். கவிதை, கிரிக்கெட், புகைப்படம், சமையல் எல்லாவற்றிலும் ஆர்வம் உண்டு. என்னை எப்படி அறிமுகம் செய்துகொள்வது? (மாணவர், நோட்டன் பிரிட்ஜ்)

ஊர்ப் பெயரிலேயே பாலத்தை வைத்துக்கொண்டு, இரு கரைக்கும் உரியவன் என்று சொல்ல நாணலாமா? உங்கள் ஊர் அணைக்கட்டுக்குப் பெயர் தந்த விமலசுரேந்திர, 1918இல் நீர்மின்சக்தியைப் பற்றிப் பொறியியலாளர் சபையில் கட்டுரை வாசித்து, அது செவிடன் காதில் ஊதிய சங்காகவே, 1931இல் அரசாங்க சபை அங்கத்தினராகிவிட்டவர். எஞ்சினியரா, அரசியல்வாதியா என்ற சந்தேகத்தை 1950இல் லக்ஷபான நீர்மின் நிலையத்தின் விளக்கு தீர்த்துவைத்தது.

ஆர்வங்கள் எத்தனையைச் சொல்லலாம்?

கேட்பவர் கொட்டாவி விடுவதற்கு ஒன்று முன்வரை.

கணினி படிக்கிறேன் என்றால், "அது கொழுந்து நிறுக்குமா?" என்கிறாள் தேயிலைத் தோட்டத்து லயன் பாட்டி!

பாட்டி தீர்க்கதரிசி. வியாபாரக் கணக்குகளுக்கென்று உலகில் முதன்முதலாக ஓடிய 'லியோ' என்னும் கணினியை 1951இல் லண்டனில் இயக்கியது ஏதோ ஒரு விஞ்ஞான பீடமன்று. தேயிலை விற்று, தேநீர்க் கடைகளும் நடத்திவந்த லயன்ஸ் கம்பனியே. லயனுக்கும் லயன்ஸுக்கும் இடையே ஓர் 'ஸ்' தானே!

நிற்க. நனைந்த கொழுந்துப் பையைத் தராசில் தொங்கவிட்டு, ஈரத்துக்கென்றும் பைக்கென்றும் கழிக்கும் கிலோக்களை, அரைப்பேர் (அரைநாட் கூலி) விழுந்த நாட்களோடு சேர்த்துக் கூட்டிக் காட்டும் ஒரு செயலியை எழுதிப் பாட்டியிடம் கொடுத்துப் பாருங்கள். உங்களைப் பற்றி ஊருக்கு அவளே சொல்லிக்கொள்வாள்.