பாஸ் மீனும் பரிவாரமும்

பெருவாய் பாஸ் என்பது வட அமெரிக்க நன்னீர் மீன். வாயை மூடியிருக்கும்போதே அதன் மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னே நீள்வதால் அப்பெயர் பெற்றது. குடும்பத்தோடு தூண்டில் போடச் செல்லும் நாளில், படகுக்குள்ளேயே அப்பெயருக்கு உரிமை கொண்டாடத் தகுந்தவர் பலர் இருப்பர்.

ஃப்ளோரிடாவின் ஓகீசோபீ ஏரி சுமார் 1,900 சதுர கிலோமீட்டர் பரந்திருந்தும் ஆழம் குறைந்தது. தண்ணீருக்குள் செடிகொடிகள் மண்டியது. அங்கே குடும்பத் தலைவர் விதவிதமான தூண்டில்கோல்களோடும், ஒலியலையால் மீனிருக்கும் இடத்தைக் காட்டும் கருவியோடும் அமர்ந்து, திறந்த நீரில் அழகாக வீசிக்கொண்டிருப்பார். 16 வயது நிரம்பாததால் உரிமச் சீட்டும் தேவைப்படாத அவருடைய மகளோ, பிளாஸ்டிக் புழுவைக் கன்னாபின்னாவென்று எறிந்து புதருக்குள் சிக்கவைத்து, அப்பாவிடம் திட்டு வாங்கும் அதே நொடியில் கோல் வில்லாய் வளையும். பாஸ் துரத்திப் பிடிப்பதைவிடப் பதுங்கிப் பிடிப்பதையே விரும்பும் மீனாதலால், அது குடியிருப்பதே அந்தப் புதரில்தான் என்பது அறிவியல். "நான்தானே அங்கே வீசச் சொன்னேன்" என்பது தந்தையியல்.

பிறகு படச் சடங்கு. கீழுதட்டைக் கட்டைவிரலால் பற்றி, கையைக் கேமராவை நோக்கி முழுதும் நீட்டினால், முக்கால் கிலோ மீன் மூன்று கிலோவாகத் தோன்றும். அதன்பின் மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவது இக்காலத்துப் பண்பாடாகையால், வெற்றிபெற்ற குடும்பம் இரவுச் சாப்பாட்டுக்குக் கடை தேடிப் போகும்.

1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்து மாண்ட்கோமரி ஏரியில், நண்பரோடு பகிர்ந்துகொண்ட ஒரே கோலால் 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள உலகச் சாதனை பாஸைப் பிடித்த ஜார்ஜ் பெர்ரியோ, அதை எடைபோட்ட கையோடு வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்துக்குச் சமைத்துப் போடச் செய்தார். 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது ஓர் அவுன்சுக்கும் குறைவாகவே கூடுதல் எடையிருந்தது. முந்தைய சாதனையை முறியடிக்கக் குறைந்தது 2 அவுன்ஸ் மிகவேண்டும் என்பது பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதியாதலால், இருவரும் சமம் என்றே பதிவாயிற்று. சட்டியில் விழுந்த கணக்கை அச்சங்கம் பதிவதில்லை.